வெள்ளைக் கட்டத்துக்கு நூற்று அறுபது

பயப்படுவதை ஒரு துறையாக எடுத்துப் படித்துத் தேறியவர் என்று எங்கள் சான் ரொகேயில் யாரையாவது சொல்ல வேண்டுமென்றால், அது சமாதான அன்னைப் பள்ளியின் சமூக அறிவியல் ஆசிரியர் கில்தார்தோ புலிதோதான். மற்றவர்கள் மழை வந்தால் குடை எடுப்பார்கள். அவர் வெயில் அடித்தால் எடுப்பார். மலைமேல் இருக்கும் ஊருக்கு இவ்வளவு வெயில் நல்லதுக்கில்லை என்பது அவருடைய கணிப்பு. வயிற்றெரிச்சலுக்கு ஒரு மாத்திரை சட்டைப்பையில் இருக்கும். அந்த மாத்திரை ஏதாவது செய்துவிட்டால் அதற்கு இன்னொரு மாத்திரை கால்சட்டைப் பையில் இருக்கும். இளமையில் இரண்டு வருடம் குருமடத்தில் இருந்தார். பூசை வைத்தால் பிரசங்கமும் செய்தாக வேண்டும் என்று யாரோ சொன்னதும் பெட்டியைக் கட்டிக்கொண்டு வெளியே வந்து ஆசிரியரானார். இங்கே நாளுக்கு ஆறு பிரசங்கம் என்பதை அந்த யாரோ சொல்லவில்லை.

அவருடைய பயங்களுக்கெல்லாம் தலைமைப் பயம் ஒன்று உண்டு. அதன் பெயர் நவம்பர். எங்கள் பள்ளியில் ஆசிரியர் வேலை வருடத்துக்கு வருடம்தான். நவம்பர் கடைசி வாரம் தலைமையாசிரியை சிஸ்டர் கஸ்தோதியா ஒவ்வொருவராக உள்ளே கூப்பிடுவார். மேசைமேல் அடுத்த வருடத்து ஒப்பந்தம் இருந்தால் பிழைத்தோம். அன்னையின் படம் போட்ட நன்றி அட்டை இருந்தால் போய் வரலாம். கில்தார்தோ பத்தொன்பது நவம்பர்களைத் தாண்டியவர். ஐம்பத்திரண்டு வயதில் இன்னொரு பள்ளி தன்னை எடுக்காது என்பதையும் அறிந்தவர்.

இப்படிப்பட்ட ஒருவரிடம் பள்ளி ஒப்படைத்திருந்த பாடம், குடிமக்களின் உரிமைகளும் துணிவும்.

பாடத்துக்கு அவர் தகுதியில்லாதவர் என்று சொல்லிவிட முடியாது. நாட்டில் தேர்தல் வந்தால் வாக்குச்சாவடியில் உட்கார ஆட்களைக் குலுக்கிப் போட்டு எடுப்பார்கள். ஊரில் யாருக்கும் எந்தக் குலுக்கலிலும் எதுவும் விழுவதில்லை. கில்தார்தோவுக்கு இது மட்டும் பதினொரு முறை விழுந்திருக்கிறது. போகாவிட்டால் தண்டம் என்பதால் பதினொரு முறையும் விடிவதற்கு முன்பே போய்ப் பூட்டிய கதவுக்கு முன் நின்றார். வாக்குச்சாவடி விதிப் புத்தகம் அவருக்கு ஜெபமாலையைவிட நன்றாகப் பாடம்.

பள்ளிக்கூடங்களில் ஒவ்வொரு வருடமும் பிப்ரவரியில் வகுப்பு தொடங்கிய ஒரு மாதத்துக்குள் மாணவர் பிரதிநிதியை மாணவர்களே தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது சட்டம். எங்கள் பள்ளியிலும் தேர்ந்தெடுத்தார்கள். யாரைத் தேர்ந்தெடுப்பது என்பதை மட்டும் சிஸ்டர் கஸ்தோதியா பார்த்துக்கொண்டார். அந்த வருடம் நான்கு பேர் பெயர் கொடுத்தார்கள். ஒருத்திக்குப் பாவாடை நீளம் போதவில்லை. ஒருவனுக்குக் கணக்கில் மதிப்பெண் போதவில்லை. பதினொன்றாம் வகுப்புப் பையன் ஃபாபருக்கு மதிப்பெண் போதிய அளவு இருந்தது, பணிவு போதவில்லை. மிஞ்சியவள் மரியாஞ்செல். அவளுடைய அப்பா இரும்புக்கடை அர்னுல்ஃபோ, பள்ளி மைதானத்துக்குக் கூரை போட்டுத் தருவதாகச் சொல்லியிருந்தார். இரண்டுக்கும் தொடர்பு இல்லை என்று சிஸ்டர் யாரும் கேட்காமலே மூன்று முறை சொன்னார்.

வாக்குச்சீட்டின் மாதிரியை எடுத்துக்கொண்டு கில்தார்தோ சிஸ்டரின் அறைக்குப் போனார்.

"என்ன சார் இது? மரியாஞ்செல் படத்துக்குப் பக்கத்துல ஒண்ணுமே இல்லாம ஒரு கட்டம்? அச்சுல விட்டுப்போச்சா?"

"இல்ல சிஸ்டர். அது வெள்ளைக் கட்டம். நிக்கிறவங்க யாரையும் பிடிக்காதவங்க அதுல குத்தலாம். சட்டத்துல இருக்கு."

"நிக்கிறதே ஒரு ஆளு. அதுக்கு எதுக்கு ரெண்டு கட்டம்?"

"கல்வி அலுவலகத்துலேர்ந்து யாராவது பாத்தாங்கன்னா..."

"யாரு சார் பாக்கப்போறா?"

"யாரும் பாக்க மாட்டாங்க சிஸ்டர். பாக்க மாட்டாங்கன்னு இருக்கறப்பதான் பாப்பாங்க, அதான் எனக்குப் பயமா இருக்கு."

சிஸ்டர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். சிஸ்டர் ஒன்றும் கொடுமைக்காரர் இல்லை. முப்பது வருடமாக அந்தப் பள்ளியின் ஒழுகும் ஓடுகளுக்குக் கீழே வாளி வைத்து வைத்து, கூரை என்ற சொல்லைக் கேட்டாலே கண் கலங்கும் நிலைக்கு வந்திருந்தவர். "சரி, போட்டுத் தொலைங்க. பிள்ளைங்களுக்கு அதெல்லாம் எங்க தெரியப்போகுது" என்றார்.

அங்கேதான் தவறு. பிள்ளைகளுக்குத் தெரிந்திருந்தது. பத்தொன்பது வருடமாக எட்டாம் வகுப்புக்கு, மூன்றாம் பாடத்தில், கில்தார்தோவே அதைக் கரும்பலகையில் எழுதிப் போட்டு வந்திருந்தார்: வெள்ளைக் கட்டம் பாதிக்கு மேல் ஒரு வாக்கு வாங்கிவிட்டால் நின்றவர்கள் எல்லோரும் வீட்டுக்குப் போக வேண்டும், புதுமுகங்களோடு மறுபடி தேர்தல். பரீட்சைக்கு வரும் என்று கீழே கோடும் போட்டிருந்தார்.

திங்கட்கிழமை காலை பள்ளிச் சுவரெங்கும் வெள்ளைத்தாள். ஒன்றிலும் ஓர் எழுத்து இல்லை. கழிப்பறைக் கதவில், நூலகத்தில், சிஸ்டரின் அறைச் சன்னலில். ஃபாபரைக் கூப்பிட்டு விசாரித்தார்கள்.

"இப்படிக் காலித்தாள ஒட்டக் கூடாது."

"அதுல எதுவும் எழுதலியே சிஸ்டர்."

"அதான் தப்பு."

"அப்ப எழுதி ஒட்டட்டுமா?"

"அது இன்னும் பெரிய தப்பு!"

இந்த உரையாடலுக்குப் பிறகு பள்ளியில் வெள்ளைத்தாள் தடை செய்யப்பட்டது. ஓவிய வகுப்பு இரண்டு நாள் வாயாலேயே நடந்தது.

இதில் கில்தார்தோவைத் தூங்கவிடாத செய்தி வேறு. பள்ளிக்கு எதிரே இருந்த ஒரே எழுதுபொருள் கடை அவருடைய மனைவி நொயெமியுடையது.

"எத்தன தாளு வித்த?" வீட்டுக்குள் வந்தும் குரலைத் தாழ்த்திக்கொண்டுதான் கேட்டார்.

"இருந்ததெல்லாம். இன்னும் ரெண்டு கட்டு சொல்லி விட்டிருக்கேன்."

"ஐயோ, யாருக்குன்னு கேக்கலியா?"

"தாளு வாங்க வர்ற பிள்ளைகிட்ட, கண்ணு, நீ அரசாங்கத்தக் கவுக்கப் போறியான்னு கேக்கணுமா? கட்டம் போட்டது யாரு? நீங்க. தாளு வித்தது நான். பாக்கறவங்க நம்ம ரெண்டு பேரும் சேந்து புரட்சி பண்றோம்னு நெனைப்பாங்க. நெனைக்கட்டுமே! இருபத்தஞ்சு வருஷத்துல இப்பத்தான் ஊருல நமக்கு ஒரு பேரு."

கில்தார்தோ மாத்திரையைத் தேடினார்.

தேர்தல் புதன்கிழமை. பத்தாம் வகுப்பு யெசேனியாவும் இன்னொரு பெண்ணும் வாக்குச்சாவடி அலுவலர்கள். அவர்களுக்குத் தலைவர் கில்தார்தோ. பட்டியலில் கையெழுத்துப் போட்டுச் சீட்டு வாங்கி, மறைப்புக்குப் பின்னால் குத்தி, மடித்து, பிஸ்கட் அட்டைப்பெட்டியில் போட வேண்டும். காலையில் முதல் ஆளாக சிஸ்டர் கஸ்தோதியா வந்தார், பின்னால் முதிய சிஸ்டர்கள் பியாவும் லியோகாதியாவும். மடத்தில் தலைவியைத் தேர்ந்தெடுக்கும்போது வரிசையில் வந்து வாக்களிப்பது அவர்கள் வழக்கம். அந்தப் பழக்கத்தில் மேசைமேல் இருந்த சீட்டுகளில் ஆளுக்கொன்றை எடுத்து, குத்தி, பெட்டியில் போட்டு, சிலுவை போட்டுக்கொண்டு நகர்ந்தார்கள். பட்டியலில் கையெழுத்துப் போடவில்லை, ஏனென்றால் பட்டியலில் அவர்கள் பெயர் இல்லை. கில்தார்தோ தடுப்பதற்காக எழுந்தார். எழுந்தவர், சிஸ்டருக்கு மரியாதை செய்ய எழுந்ததுபோல ஆகிவிட்டதால், அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

மாலை மூன்று மணிக்குப் பெட்டியைத் திறந்தார்கள். பட்டியலில் கையெழுத்து முந்நூற்றுப் பதினெட்டு. பெட்டியில் சீட்டு முந்நூற்று இருபத்தொன்று.

"மூணு அதிகமா இருக்கு சார்" என்றாள் யெசேனியா. "எது யாரோடதுன்னு நமக்குத் தெரியும்ல?"

"யாரோடதுன்னு தெரியும். எதுன்னு தெரியாதும்மா."

எங்கள் நாட்டு வாக்குச்சாவடிகளில் இதற்கு ஒரு விதி உண்டு. கையெழுத்தைவிடச் சீட்டு கூடினால், எல்லாவற்றையும் பிரிக்காமல் பெட்டியில் போட்டுக் குலுக்கி, கூடிய எண்ணிக்கையைக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்து, பார்க்காமல் எரித்துவிட வேண்டும். பதினொரு தேர்தல்களில் ஒரு முறைகூட கில்தார்தோவுக்கு இந்த வாய்ப்பு வாய்த்ததில்லை. பயம் பாதி, ஆசை பாதி. குலுக்கினார், எடுத்தார், ஒரு தகர டப்பாவின் மூடியில் வைத்துத் தீக்குச்சி கிழித்தார். மூன்று சீட்டுகளும் சாம்பலான பிறகு மிச்சத்தைப் பிரித்து எண்ணினார்கள். நான்கு முறை எண்ணினார்கள். அவர் எண்ணச் சொன்னது ஆறு முறை.

மரியாஞ்செல்லுக்கு நூற்று ஐம்பத்தெட்டு. வெள்ளைக் கட்டத்துக்கு நூற்று அறுபது. பாதிக்கு மேல் சரியாக ஒன்று.

மூன்று பேரும் முடிவுத்தாளில் கையெழுத்துப் போட்டார்கள். கில்தார்தோவின் கையெழுத்து மட்டும் பூகம்பத்தில் போட்டதுபோல இருந்தது.

"எரிச்சீங்களா?" சிஸ்டர் கஸ்தோதியா நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார். "எரிச்சது எங்க ஓட்டு! நாங்க மூணு பேரும் மரியாஞ்செல்லுக்குத்தான் போட்டோம்."

"எரிஞ்சது எதுன்னு யாருக்கும் தெரியாது சிஸ்டர். அதுதான் விதியோட அழகு."

"அழகா? முப்பது வருஷமா இந்தப் பள்ளிக்கூடத்துல கெடக்கேன். நேத்து வந்த ஆறாங்கிளாஸ் குட்டிக்கு ஓட்டு இருக்கு, எனக்கில்லியா?"

"மாணவர் பிரதிநிதி சிஸ்டர்... மாணவர்கள்தான்..."

"நான் என்னிக்கும் ஆண்டவரோட மாணவி."

கில்தார்தோ விதிப் புத்தகத்தின் பக்கங்களை மனதுக்குள் புரட்டினார். சிஸ்டர் தட்டச்சுப்பொறியில் ஒரு தாளைச் செருகி, நின்றபடியே அடித்து எடுத்தார். மொத்தம் முந்நூற்று இருபத்தொன்று. மரியாஞ்செல் நூற்று அறுபத்தொன்று. வெள்ளைக் கட்டம் நூற்று அறுபது.

"வெள்ளிக்கிழமை கொடியேத்தறப்ப இதத்தான் நீங்க வாசிக்கறீங்க. அர்னுல்ஃபோ வர்றார். கூரைக்கு இரும்பு வெட்டியாச்சு. கையெழுத்துப் போட்டு எடுத்துட்டு வாங்க." கதவருகே போனவரை மறுபடி கூப்பிட்டு, மிகவும் அன்பாகச் சொன்னார்: "மார்ச்சுதான் பொறந்திருக்கு. நவம்பர் இந்தா அந்தான்னு வந்துடும் சார்."

வியாழக்கிழமை கில்தார்தோ பாலும் முட்டையும் கலந்த காலைச் சூப்பைத் தொடவில்லை. வகுப்பில் மூன்றாம் பாடத்துக்கு வந்திருந்த எட்டாம் வகுப்பை நான்காம் பாடத்துக்குத் தாவச் சொன்னார். மாலையில் கம்பளிப் போர்வையைப் போர்த்திக்கொண்டு கோயிலுக்குப் போய்ப் பாவமன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனத் தொட்டியின் முன் முழங்காலிட்டார். உள்ளே ஃபாதர் எலியேசர், குளிருக்கு மடியில் சுடுநீர்ப் பையோடு இருந்தார்.

"என்ன பாவம் செஞ்சீங்க?"

"இன்னும் செய்யல ஃபாதர். நாளைக்குக் காலைல ஏழு மணிக்கு."

"அப்ப இன்னிக்கு எதுக்கு வந்தீங்க?"

"முன்னாடியே மன்னிப்பு கெடைக்குமான்னு..."

"இது பஸ் நிலையம் இல்ல, முன்பதிவு பண்ண. செஞ்சுட்டு வாங்க, பாப்போம்." சுடுநீர்ப் பையைத் திருப்பி வைத்துக்கொண்டார். "கஸ்தோதியா சம்பந்தப்பட்டதா?"

"ஆமா ஃபாதர்."

"அப்ப எங்கிட்ட எதுவும் சொல்லாதீங்க. எனக்கும் அந்த அம்மாகிட்ட பயந்தான்."

வீட்டில் நொயெமி வெல்லத் தண்ணீரைச் சூடாகக் கொண்டுவந்து வைத்து, எதிரே உட்கார்ந்தாள். மேசைமேல் இரண்டு தாள்களும் கிடந்தன.

"போடுங்க கையெழுத்த" என்றாள்.

"எதுல?"

"அது எனக்கெப்படித் தெரியும்? நீங்கதான் வாத்தியாரு. வேல போச்சுன்னா கடைல வந்து உக்காருங்க, தாளு எண்ணிக் குடுக்க ஆள் வேணும். ஆனா ஒண்ணு. பொய்யில போட்டுட்டு வந்து மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு ஒரு வருஷம் என் உசிர எடுக்கறதா இருந்தா, இப்பவே சொல்லிடுங்க. நான் எங்கக்கா வீட்டுக்குப் போயிடறேன்."

அவர் எதிலும் போடவில்லை. உண்மைத் தாளில் ஏற்கெனவே போட்டிருந்தார். மற்றதில் பேனாவை வைத்தார். முனையில் மை காய்ந்திருந்தது. உதறிப் பார்க்கப் பயமாக இருந்தது, ஒருவேளை எழுதிவிட்டால்.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணி. மூடுபனி. ஓடு ஒழுகும் தாழ்வாரத்தில் முந்நூற்றுப் பதினெட்டு பேர் வரிசையில் நின்றார்கள். நாட்டுப் பண், பள்ளிப் பண், அன்னைக்கு ஒரு மங்கள வார்த்தை ஜெபம். முன்வரிசை நாற்காலியில் அர்னுல்ஃபோ, கோட்டு போட்டுக்கொண்டு, அளவு பார்ப்பதுபோல மேலேயே பார்த்துக்கொண்டிருந்தார். மரியாஞ்செல் வெள்ளைக் கையுறையோடு பதவிப் பிரமாணத்துக்குத் தயாராக நின்றாள். யெசேனியா இரண்டாம் வரிசையில் நின்று, கில்தார்தோவின் வாயை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மைக் முன்னால் வந்து நின்றபோது இரண்டு தாள்களும் அவர் கையில் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தன. மேலே இருந்தது சிஸ்டர் கொடுத்தது. மூக்குக்கண்ணாடியில் பனி படிந்து அதுவும் தெரியவில்லை. தொண்டையைச் செருமினார். வாக்குச்சாவடித் தலைவர் முதலில் வாசிக்க வேண்டியது பட்டியலில் கையெழுத்திட்டவர்களின் எண்ணிக்கை. பதினொரு தேர்தல்களில் அப்படித்தான் வாசித்தார். வாய் தன் பாட்டுக்குத் திறந்தது.

"கையெழுத்திட்டவர்கள், முந்நூற்றுப் பதினெட்டு."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே எட்டியது. முந்நூற்றுப் பதினெட்டைச் சொல்லிவிட்டு நூற்று அறுபத்தொன்றையும் நூற்று அறுபதையும் சொன்னால், ஆறாம் வகுப்புகூடக் கூட்டிப் பார்த்துச் சிரிக்கும். சிஸ்டர் இருமினார். அது இருமல் இல்லை என்று கில்தார்தோவுக்குத் தெரியும். இன்னும் ஒரு வழி இருந்தது: மன்னிக்கணும், முந்நூற்று இருபத்தொன்று என்று திருத்திவிடலாம். அவர் வாழ்க்கையே திருத்தங்களால் ஆனது. இன்னொன்றால் ஒன்றும் குறைந்துவிடாது.

திருத்தவில்லை. மேல்தாளை அடியில் தள்ளினார்.

"செல்வி மரியாஞ்செல், நூற்று ஐம்பத்தெட்டு. வெள்ளைக் கட்டம்..." தாளைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்தார். "நூற்று அறுபது. சட்டப்படி தேர்தல் மறுபடி நடக்க வேண்டும். நின்றவர் மீண்டும் நிற்க முடியாது. அவ்வளவுதான். ஆண்டவருக்கு நன்றி."

ஜெபம் முடிந்ததும் சொல்கிற சொல் பழக்கத்தில் வந்துவிட்டது. முந்நூற்றுப் பதினெட்டு பேரும் அதே பழக்கத்தில் "ஆமென்" என்றார்கள். அதற்குப் பிறகுதான் கைதட்டல்.

சிஸ்டர் கஸ்தோதியா மைக்கை வாங்கிக்கொண்டார். அவருக்கு முப்பது வருடத்து அனுபவம். எதிரே ஆமென் சொன்ன கூட்டம். "பத்து நாள்ல மறுதேர்தல். நிக்க விருப்பமுள்ளவங்க பேர் குடுக்கலாம்" என்றார். கில்தார்தோவைப் பார்க்கவே இல்லை. திட்டியிருந்தால் அவருக்கு அன்று ஒரு வாய் இறங்கியிருக்கும்.

கூட்டம் கலைந்தபோது மரியாஞ்செல் பக்கத்தில் வந்தாள். "சார், அப்பாகிட்ட நீங்க பேசறீங்களா, நான் பேசட்டுமா?"

"என்னம்மா பேசணும்?"

"எனக்கு இதுல நிக்கவே இஷ்டமில்லன்னு. யாருமே எங்கிட்ட கேக்கல சார். நீங்களும்தான்."

வந்த பயங்களிலேயே இது புதுவகை. இதற்கு அவரிடம் மாத்திரை இல்லை. "நீயே பேசும்மா" என்றார்.

மறுதேர்தல் நடந்தது. ஐந்து பேர் நின்றார்கள், கட்டையான பாவாடை உள்பட. பணிவு போதாத ஃபாபர் தோற்றான். வெட்டிய இரும்பு வீணாகக் கூடாதென்று கூரையும் வந்தது, அர்னுல்ஃபோவின் பெயர் அன்னையின் பெயரைவிட ஒரு சாண் பெரிதாக. ஆனால் மார்ச்சிலிருந்து நவம்பர் வரை எட்டு மாதம், சிஸ்டர் கஸ்தோதியா கில்தார்தோவிடம் பேசிய மொத்தச் சொற்கள் "காலை வணக்கம்", "மணி அடிச்சாச்சு" ஆகியவை. அவர் ஏழு கிலோ இளைத்தார். நொயெமி கடையில் அவருக்கென்று ஒரு முக்காலி வாங்கிப் போட்டாள். முதலில் அதைப் பார்க்க மாட்டார். அக்டோபரில் உட்கார்ந்து பார்த்தார்.

நவம்பர் கடைசி வாரம் கூப்பிட்டார்கள். மேசைமேல் ஒப்பந்தமும் இல்லை, நன்றி அட்டையும் இல்லை. ஒரு பயணப்பெட்டி இருந்தது.

"உக்காருங்க சார். எனக்கு மாற்றல் வந்துடுச்சு. கடலோரம். முப்பது வருஷம். ஒரு கடுதாசி, நாலு வரி." சிஸ்டர் பெட்டியின் பூட்டைச் சரிசெய்வதுபோல அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "போறியான்னு ஒரு வார்த்த கேக்கல."

கில்தார்தோ ஆறுதல் சொல்லப் பார்த்தார். "கடலோரத்துல மழை ஒழுகாது சிஸ்டர்" என்றார்.

"ஒழுகும். விசாரிச்சுட்டேன்." இழுப்பறையைத் திறந்து ஒப்பந்தத்தை எடுத்து அவர் முன்னால் போட்டார். கையெழுத்துப் போட்டிருந்தது. "உங்கமேல உள்ள பிரியத்துலன்னு நெனச்சுக்காதீங்க. அடுத்து வர்றது சிஸ்டர் எஸ்கொலாஸ்திகா. நாங்க பயிற்சியில இருந்த நவகன்னியர் மடத்துலேர்ந்தே எனக்கும் அவளுக்கும் ஆகாது. எதையும் தன் இஷ்டத்துக்கு எழுதி, மத்தவங்கள கையெழுத்துப் போட வைக்கற பொம்பள. அவளுக்குன்னு நான் விட்டுட்டுப் போற சிலுவை நீங்கதான்."

கில்தார்தோ ஒப்பந்தத்தை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். அழுகை வந்தது, நன்றி சொல்ல வார்த்தையும் வந்தது. அதற்கு முன்னால் கேள்வி வந்துவிட்டது.

"சிஸ்டர்... அந்த சிஸ்டர் ரொம்பக் கோவக்காரங்களா?"

சிஸ்டர் கஸ்தோதியா எட்டு மாதத்தில் முதல் முறையாகச் சிரித்தார்.